வலப்பக்கப் பெட்டி

புந்தா அரேனாஸில் மார்ச்சு மாதம்.
காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகாதிருக்க
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்துப் பிடித்துத்தான்
வந்து சேர்ந்தேன்,
ஒரு செயலி சர்க்கரையைக் குறைத்ததா என்று கணக்கிட.

அறிக்கையின் முதல் படம்
இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம்.
மேலே ஒரு பெட்டி: இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அது இரண்டாகப் பிரியும்.
செயலி பெற்றவர் நூற்றாறு, பெறாதவர் நூற்றாறு.
பிரித்தது கணினி;
யார் முகத்தையும் அது பார்க்கவில்லை.
அம்புகள் நேராக இறங்கும்.
ஒன்று மட்டும் வலப்பக்கம் ஒதுங்கிச்
சின்னப் பெட்டியில் முட்டி நிற்கும்:
தொடர்பு விட்டுப்போனவர்கள், 31.

ஏன் என்று எழுத
அந்தப் பெட்டியில் இடம் விடுவதில்லை.

டாக்டர் யூர்கோவிச் நல்ல மனிதர்.
கதவில் சாய்ந்து மாத்தே உறிஞ்சுகிறார்.
"மிர்னா, கடைசிவரை இருந்தவர்களை மட்டும்
ஒருதடவை போட்டுப் பாரேன்."
போட்டுப் பார்த்தேன். பி மதிப்பு 0.03.
பொய் சொல்வானேன், எனக்கும் இனித்தது.

சீட்டு எந்தக் குழுவில் விழுந்ததோ
அந்தக் குழுவிலேயே எல்லோரையும் வைத்து,
இல்லாத அளவுகளை
இருபது விதமாய் ஊகித்து நிரப்பினால்
0.21.

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர்
செயலி பெற்றவர்கள்.
இருபத்தாறு பேரும் நின்றுபோனது
நவம்பரின் ஒரே வாரத்தில்.
நோய் நாள்காட்டி பார்த்து வராது.
செம்மறிக்கு மயிர் கத்தரிக்கும் பருவம் வரும்.
நீரிணைக்கு அந்தப் பக்கம், பண்ணை விட்டுப் பண்ணை,
எந்தக் கோபுரமும் எட்டாத புல்வெளியில்
முதுகு வளைந்தபடி.
தற்செயலாய் விடுபட்டவை என்று வைத்துக்கொண்டால்
சூத்திரம் சுலபம்.

விடுபட்டவர்கள் என்கிறது அட்டவணை.
எதிலிருந்து என்று சொல்வதில்லை.

பிறகு அந்த உறை வந்தது.
எனக்கு அவர் 117.
பெயர்கள் வேறொரு பூட்டிய கோப்பில்;
நான் பார்க்கக் கூடாது.
உறையின் முதுகில் அவரே எழுதியிருந்தார்:
எலெயூத்தேரியோ கார்காமோ, பொர்வெனீர்.
உள்ளே ஆடு எண்ணும் தாள்கள்,
கம்பளிக் கொழுப்பேறி, பென்சில் மங்கி.
ஒரு பக்கம் அன்றைய ஆடுகள்,
மறுபக்கம் அன்றைய சர்க்கரை.
142 ஆடு, 171.
138 ஆடு, 164.
மழை, ஆடு இல்லை, 180.
ஐம்பத்தெட்டு நாள். ஒருநாளும் தவறவில்லை.
கடைசித் தாளின் அடியில்:
"சிக்னல் கிடையாது. கருவி நன்றாக ஓடியது.
பாட்டரி தீர்ந்துவிட்டது, அனுப்பவும்."

நல்ல எண்கள். மெல்ல மெல்ல இறங்கும் எண்கள்.
சேர்த்தால் என் 0.21 கொஞ்சம் அசையும்.
"சேர்த்துவிடேன்" என்கிறார் யூர்கோவிச்,
இந்தமுறை உட்கார்ந்துகொண்டு.

ஆனால் உறை அனுப்பாத இருபத்தைந்து பேர்?
அளவு ஏறியவர் யார்
அஞ்சல்தலை ஒட்டுவார்?
தவிர, இரண்டு ஏப்ரலுக்கு முன்
ஒருவர் விரலிலும் ஊசி குத்துமுன்
பதிவேட்டில் நானே எழுதினேன்:
செயலி வழி வந்த அளவுகள் மட்டும்.
அப்போது எனக்கு ஆடுகளைப் பற்றித் தெரியாது.
எழுதியது முட்டாள்தனம்தான்.
அறுவடை முடிந்தபின்
எல்லைக் கல்லை நகர்த்துவது அதைவிட மோசம்.

எனவே எழுதினேன்: வேறுபாடு இவ்வளவு,
இடைவெளி இதிலிருந்து இதுவரை,
நடுவில் பூச்சியம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.
வலப்பக்கப் பெட்டியை இழுத்து அகலமாக்கி
கத்தரிக்கும் பருவம் என்று சேர்த்தேன்.
அடிக்குறிப்பில்: ஒருவர் தாளில் அளவு வைத்திருந்தார்,
கணக்கில் கொள்ளப்படவில்லை.
செயலி வேலை செய்ததா,
அந்தப் பென்சிலா,
இந்த ஆய்வுக்குச் சொல்லத் தெரியாது.

ஆய்வு முடிந்தபின் பாட்டரி வாங்க
நிதியில் தலைப்பு இல்லை.
என் பையிலிருந்து வாங்கினேன், நான்கு.
படகு இன்று ஓடவில்லை.
காற்று இறங்கினால் நாளை.